நடுவர் அவர்களே, என் தட்டில் ஈ

எங்கள் பள்ளியில் எந்தப் புது வேலை வந்தாலும் அது கணக்கு டீச்சர் தலையில்தான் வந்து விழும். ஏன் சார் என்று கேட்டால், நீங்கள்தான் டீச்சர் ஒழுங்காகச் செய்வீர்கள் என்பார் தலைமையாசிரியர். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும், பாராட்டு அல்ல. வருகைப் பதிவு, சைக்கிள் வழங்குவது, குடற்புழு மாத்திரை, வாக்காளர் பட்டியல் எல்லாம் இப்படித்தான் செங்காட்டுப்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர் பூங்கோதையிடம், அதாவது என்னிடம், வந்து சேர்ந்தன. கடைசியாகப் பொத்தான் வந்தது.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடியாது. பார்க்கச் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்ததால் நாங்கள் பொத்தான் என்றோம். பிள்ளைகள் சட்டையில் அதைக் குத்திக்கொண்டு வர வேண்டும். பள்ளிக்குள் அவர்கள் பேசுவதை எல்லாம் அது கேட்கும். குரலைப் பதிவு செய்யாது. பேச்சிலிருந்து அந்தப் பிள்ளையின் கருத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து, சாயந்திரம் நாலு பத்துக்குப் பெற்றோரின் கைப்பேசியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். உங்கள் மகள் இன்று கூறிய கருத்து: முட்டைகோஸ் கூட்டு ஒரு உணவே அல்ல. இப்படி.

இது வந்த கதை எல்லோருக்கும் தெரியும். என் பிள்ளை பள்ளியில் என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு என்று பெற்றோர் ஒரு பக்கம் நீதிமன்றம் போனார்கள். பிள்ளைக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது யாருடையது என்று இன்னொரு பக்கம் கேட்டார்கள். வருடக்கணக்கில் இழுத்து ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பெற்றோர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம். அதோடு, பிள்ளை பேசவே கூடாது என்று மூன்றே மூன்று விஷயங்களைத் தடுக்கலாம். மற்ற பேச்சில் யாரும் கை வைக்க முடியாது. காகிதத்தில் பார்த்தால் நல்ல சமரசம்தான். காகிதத்தில் எது நன்றாக இல்லை?

பெரும்பாலான பெற்றோர் மூன்று விஷயத்தையும் காலியாகவே விட்டார்கள். பூபதி மட்டும் மூன்றையும் நிரப்பினார்: கோழி, ஈ, நாற்றம்.

பூபதிக்குப் பள்ளியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை. நல்ல மனிதர். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டும்போது தானே செங்கல் சுமந்தவர். அதனால்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டோம். அவருடைய மகள் தாரகா பதினொன்றாம் வகுப்பு. மழை பெய்து நின்றால் பண்ணையிலிருந்து ஈ கிளம்பிச் சத்துணவு வரிசைக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். ஒரு நாள் தாரகா சாப்பாட்டு வரிசையில், எங்கள் பண்ணையைச் சுத்தமாக வைத்தால் இந்தக் கஷ்டம் இல்லை என்று சொல்லிவிட்டாள். நாலு பத்துக்குப் பூபதியின் கைப்பேசி அதை அவரிடம் ஒப்பித்தது. அவர் மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கைப்பேசியில் மூன்று கட்டங்களை நிரப்பி அமுக்கிவிட்டார்.

மறுநாள் விலங்கியல் வகுப்பில் வீட்டு ஈயின் வாழ்க்கைச் சுழற்சி. தாரகா எழுந்து நின்று பதில் சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் வாய்க்குள்ளேயே வளர்ந்து பறந்துவிட்டன. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள், ஆனால் மதியம் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மாவட்ட அலுவலகத்தில் பொத்தானைப் பார்த்துக்கொள்ளும் ரியாஸ் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, என்ன மாயம் இது என்று கேட்டேன்.

"அவங்க குரல் அலைக்கு எதிர் அலை ஒண்ணைப் பொத்தான் விடும் மேடம். ரெண்டும் மோதி ஒண்ணுமில்லாம ஆயிடும்."

"அப்ப அவ பேசுனது யாருக்குமே கேக்காதா?"

"பேசுனவங்களுக்கு மட்டும் கேக்கும் மேடம்."

அது இன்னும் கொடுமை என்று சொல்லி போனை வைத்தேன்.

இதற்கிடையில் ஆடி மாதப் பட்டிமன்றம் வந்தது. எங்கள் தலைமையாசிரியருக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். மாதத்தின் முதல் வெள்ளி, கடைசிப் பாடவேளை, தவறாது. அணி பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான். பிடித்த பக்கம் பேசுகிற சலுகை எங்கள் பள்ளியில் யாருக்கும் கிடையாது. நடுவர்? வேறு யார், நான்தான். அந்த மாதம், வாழ்க்கைக்குப் பெரிதும் உதவுவது பள்ளிப் படிப்பா, பட்டறிவா என்று தலைப்பு. பட்டறிவே என்று சீட்டு வந்த நாலு பிள்ளைகளும் பிளந்து கட்டினார்கள். படிப்பைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நாலு பத்துக்கு நாலு வீட்டுக் கைப்பேசிகளும் அடித்தன. உங்கள் மகன் இன்று கூறிய கருத்து: பள்ளிக்கூடத்தால் பயன் ஏதுமில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே பள்ளி வாசலில் நாலு குடும்பம். ஒரு அம்மா அழுதே விட்டார். பையன் படிப்பை நிறுத்தப் போகிறான் என்று மாமன் வீட்டுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, மாமன் ஆனைமலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

மறுபடி ரியாஸைக் கூப்பிட்டேன், இந்தத் தடவை நேரிலேயே வந்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னதாவது, ஒருத்தர் ஒன்றைச் சொன்னால் அது அவருடைய கருத்து என்றுதான் பொத்தானுக்குத் தெரியும். சீட்டு எடுத்து, சீட்டில் வந்த கருத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர்கள் உண்டு என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் நல்ல பிள்ளை. சாயந்திரத்துக்குள் ஒரு வழி செய்துவிட்டார். யாராவது "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தால், அதற்கடுத்த எட்டு நிமிடம் பட்டிமன்றப் பேச்சு என்று பொத்தான் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குச் சொல்லாது, தடுக்கவும் தடுக்காது. பட்டிமன்றத்தில் ஒரு பேச்சாளருக்கு எட்டு நிமிடம்தானே.

இதை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு எப்படியோ கண்டுபிடித்தது. மூன்றே நாள். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே நடுவர் அவர்களேதான்.

"நடுவர் அவர்களே, ரப்பர் குடுடா." "நடுவர் அவர்களே, எனக்கு அந்த சார் பாடம் புரியலை." "நடுவர் அவர்களே, ஒண்ணுக்கு." சத்துணவில், நடுவர் அவர்களே இன்னொரு கரண்டி. கால்பந்து மைதானத்தில், நடுவர் அவர்களே பாஸ் பண்ணுடா. உண்மையான நடுவர் நான் வராந்தாவில் போகும்போது, ஊரே என்னைக் கூப்பிடுவதாக நினைத்து நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாகக் கணக்கு டீச்சருக்குப் பயந்து வாயைத் திறக்காத பிள்ளைகள், நடுவர் அவர்களே என்று ஆரம்பித்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

காலை வணக்கத்தில் செய்தி வாசிக்கும் முறை தாரகாவுக்கு வந்தது. ஒலிபெருக்கி முன் நின்று, நிதானமாக வாசித்தாள்.

"நடுவர் அவர்களே, உள்ளூர்ச் செய்திகள். நேற்று மதியம் என் தட்டில் வந்து அமர்ந்த ஈக்கள் பதினேழு. ஆறாம் வகுப்பில் வயிற்றுப்போக்கால் வராதவர்கள் ஐந்து பேர். பண்ணையின் உரிமையாளர் என் தந்தை. வானிலை, மழைக்கு வாய்ப்பு உண்டு."

எண்ணூறு பிள்ளைகளும் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொத்தான் வாய் திறக்கவில்லை. ஆனால் ஊருக்கு வாய் இருக்கிறதே. மதியத்துக்குள் பூபதி காதுக்குப் போய்விட்டது. அதற்குள் மாவட்ட அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. பல பள்ளிகளில் இந்த எட்டு நிமிட விலக்கை மாணவர்கள் துஷ்பிரயோகம் செய்வதாகப் புகார். விலக்கு தொடரலாமா, எடுத்துவிடலாமா என்று அந்தந்தப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுத் தலைவர் கையெழுத்துடன் வெள்ளிக்குள் அனுப்பவும். தலைவர் யார்? பூபதி. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் தாரகாவின் வாய் பழையபடி மூடிக்கொள்ளும்.

நான் தாரகாவைக் கூப்பிட்டு, இதையெல்லாம் வீட்டில் அப்பாவிடம் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டித்தான் கேட்டேன். அவள் அழவில்லை, முறைக்கவும் இல்லை.

"நான் வீட்டுக்குப் போறதுக்குள்ளாற நான் பேசுனதெல்லாம் அப்பாவுக்குத் தெரிஞ்சு போயிருக்குமுங்க டீச்சர். நான் போயி புதுசா என்னத்தச் சொல்றது? சாப்பிட்டியாம்பாரு, சாப்பிட்டேம்பேன். அவ்வளவுதானுங்க. இப்ப இதையும் எடுத்துட்டாங்கன்னா பள்ளிக்கூடமும் வீடு மாதிரியே ஆயிரும்."

கணக்கில் இதற்குச் சூத்திரம் கிடையாது.

மறுநாள் பூபதியே என்னைத் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் கைப்பேசியை நீட்டினார். நாலு வாரமாக ஒரே செய்தி. இன்று உங்கள் மகள் கருத்து ஏதும் கூறவில்லை. இன்று உங்கள் மகள் கருத்து ஏதும் கூறவில்லை. தாரகாவின் அம்மா கோயமுத்தூரில் நர்ஸ். வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான் என்று எனக்குத் தெரியும்.

"என்ற புள்ள வீட்ல பேசறதில்லீங்க டீச்சர். நாலு பத்துக்கு இதுல வர்றதுதானுங்க அவ பேச்சு. தீவனம் போட்டுட்டு இருந்தாக்கூடப் போட்டது போட்டபடி வெச்சுட்டு உக்காந்து கேப்பேன். இப்ப அதுவும் இல்லீங்க." கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அந்த எட்டு நிமிசத்தை எடுத்துட்டா மறுபடி வருமுங்களா?" என்று கேட்டார்.

ஐயோ பாவமே என்று இருந்தது. மூன்று கட்டத்தை நிரப்பினீர்களே, அது மட்டும் நியாயமா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். வீட்டு விஷயத்தை வீட்டில் சொல்லாமல் ஊரில் சொன்னது அவமானமாகப் போய்விட்டது என்றார். வளர்த்தவனுக்கு அதைத் தடுக்கக்கூட உரிமை கிடையாதா என்றார். அவர் கேட்டதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேர் சொன்னதையும் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவருக்குக் கண் மின்னியது. தீர்மானத்துக்கு முன் ஒரு பட்டிமன்றம் வைத்துவிடலாம் என்றார். பள்ளியில் பெரிதும் காக்கப்பட வேண்டியது மாணவர் பேச்சுரிமையா, பெற்றோர் உரிமையா? மாணவர் அணிக்குத் தாரகா, பெற்றோர் அணிக்குப் பூபதி. நடுவர் யார் என்று நான் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அரசமரத்தடியில் பந்தல். மேலாண்மைக் குழுவினர் இருபது பேரும் வந்துவிட்டார்கள். மேடையில் ஏறும் யாராக இருந்தாலும் பொத்தான் குத்தியாக வேண்டும். ஒலிபெருக்கி அதன் வழியாகத்தான் வேலை செய்யும். பொத்தான் வாங்க வேண்டுமானால் வாசலில் உள்ள கருவியில், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தில் ஒரு எண்ணைப் போட வேண்டும். காலியாக விட்டால் அது ஏற்காது. நான் என் வீட்டுக்காரர் எண்ணைப் போட்டிருக்கிறேன். வகுப்பில் நான் கத்துவதெல்லாம் தினமும் நாலு பத்துக்கு அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, பாவம். அன்று வாசல் பொறுப்பில் தாரகாதான் நின்றாள். அப்பாவுக்குப் பொத்தான் எடுக்க வேண்டும். யார் எண்ணைப் போடுவது? பள்ளியில் தனக்குக் கொடுத்த டேப்லெட்டின் எண்ணைப் போட்டுப் பொத்தானை அவர் சட்டையில் குத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அடுத்தது சீட்டு. மாணவர் அணி பெற்றோர் அணி என்று பெயர் இருந்தாலும், பக்கம் முடிவாவது சீட்டில்தான். அது எங்கள் வழக்கம். எவர்சில்வர் தூக்குவாளியில் இரண்டு சீட்டு. பூபதி எடுத்துப் பிரித்தார். முகம் வெளிறிவிட்டது. அவருக்கு வந்தது, மாணவர் பேச்சுரிமையே.

"டீச்சர், இதை மாத்திக் குடுங்க."

சீட்டு என்றால் சீட்டுதான் என்றேன். கூட்டம் ஓவென்று சிரித்தது. தாரகாவுக்குப் பெற்றோர் உரிமையே. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பூபதி வாழ்க்கையில் மேடை ஏறியதில்லை. ஓரமாக அழைத்துப் போய், முதலில் நடுவர் அவர்களே என்று சொல்லிவிட்டால் போதும், மற்றது தானாக வரும் என்று மூன்று தடவை சொன்னேன். என்னிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

தாரகா முதலில் பேசினாள். நடுவர் அவர்களே என்று கணீரென்று ஆரம்பித்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மகளுக்கு வெந்நீர் வைத்துவிட்டு, பண்ணைக்குப் போய், அவளுக்குச் சளி பிடித்தால் தன் தொண்டையைக் கனைத்துப் பார்க்கிற ஒரு அப்பாவைப் பற்றிப் பேசினாள். அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் அவர் பெயரை ஊர் முன்னால் வாசிப்பது என்ன உரிமை என்று கேட்டாள். குறை இருந்தால் முதலில் அவரிடம்தானே சொல்ல வேண்டும் என்றாள். முன்வரிசை அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சீட்டில் வந்ததைப் பேசுகிறாளா, மனதில் இருப்பதைப் பேசுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பட்டிமன்றத்தின் அழகே அதுதான்.

பிறகு பூபதி. ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். கையை முதலில் பின்னால் கட்டினார், அப்புறம் முன்னால் கட்டினார், அப்புறம் தொங்க விட்டார். உள்ளங்கையைப் பார்த்தார். நிமிர்ந்து பேச ஆரம்பித்தார்.

"பண்ணைல ஈ இருக்குதுங்க. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. என்ற புள்ள அதை எல்லாத்துக்கும் முன்னால சொன்னது எனக்கு அவமானமாத்தான் இருந்துச்சு. அதனால பேசாதேன்னு அமுக்கிப்போட்டேன். அவ பேச்சு நின்னுருச்சு. ஆனா அதுக்கப்பறம் பண்ணைல ஒரு ஈ கூடக் கொறையலீங்க."

கூட்டம் சிரிக்கவில்லை. அவர் அப்படியே நின்று, பிள்ளை பேசினால் ஒரு நாள் கோபம்தான் வரும், பேசாமல் இருந்தால் வீட்டில் தினமும் சோறு இறங்குவதில்லை என்றார். அவள் பேசட்டும், எல்லாப் பிள்ளைகளும் பேசட்டும் என்றார். எட்டு நிமிடத்தில் இரண்டரை நிமிடம்தான் பேசினார். நன்றி வணக்கம்கூடச் சொல்லவில்லை, விறுவிறுவென்று இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் நான் இருபது நிமிடம் தீர்ப்புச் சொன்னேன். அருமையான தீர்ப்பு. வீட்டைப் பற்றி வெளியில் பேசுமுன் வீட்டில் ஒரு முறை பேசிவிட வேண்டும், வீட்டில் பேசினால் கேட்கவும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்துச் சொன்னேன். யாருக்கும் ஒரு வரி நினைவில்லை. விலக்கு தொடரலாம் என்று தலைமையாசிரியர் தீர்மானத்தை நீட்டினார். பூபதி கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். நடுவர் அவர்களே என்று அழியாமல், தெளிவாக இருந்தது. மேடையில் மறந்துவிட்டீர்களே என்றேன். ஆமாம் டீச்சர், மறந்துதான் போய்விட்டது என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வாசல் பக்கம் நானும் தாரகாவும் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். அவளுடைய எட்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பா எப்படிப் பேசினார் என்று சும்மாதான் கேட்டேன். நல்லாப் பேசுனாருங்க, கையைத்தான் எங்கே வைக்கிறதுன்னு தெரியலை என்றாள். நடுவர் அவர்களே போடாமல்தான் சொன்னாள்.

நாலு பத்து ஆனது. முதலில் தாரகாவின் பையில் டேப்லெட் கூவியது.

"வணக்கம். உங்கள் மகன் பூபதி இன்று பள்ளியில் கூறிய கருத்து. பண்ணையில் ஈ இருப்பது உண்மை. மகள் பேச வேண்டும். அவள் பேசாமல் இருந்தால் சோறு இறங்குவதில்லை. இந்தக் கருத்தைத் தடுக்க விரும்பினால் ஒன்றை அழுத்தவும்."

தாரகா நாற்காலியைக் கீழே வைத்துவிட்டாள். நடுவர் அவர்களே என்று சொல்லாமல் ஆரம்பித்ததால், அது சீட்டில் வந்த பேச்சு என்று பொத்தானுக்குத் தெரியவில்லை. அவருடைய சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த ஒரு தடவை அது தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். அவள் மறுபடி ஒரு முறை போட்டுக் கேட்டாள். சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஒன்றை அழுத்தவில்லை.

ஆறடி தள்ளி, வண்டியைக் கிளப்பப் போன பூபதியின் கைப்பேசி அடித்தது. நாலு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் கருத்து. வண்டியை நிறுத்திவிட்டு, காதில் வைத்துக் கேட்டார். தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் கருவியில் கேட்கிற இந்த அழகை எங்கே போய்ச் சொல்வது!

கைப்பேசியில் எதையோ மூன்று தடவை தட்டிவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டார். மூன்று கட்டத்தையும் அழிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு மகளைப் பார்த்து, ஏறு அம்மிணி, அந்த ஈக்கு என்ன செய்யலாம் என்றார்.

தாரகா வண்டியில் ஏறிக்கொண்டே, பழக்க தோஷத்தில், "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தாள்.

"நடுவரெல்லாம் எதுக்கு அம்மிணி? என்கிட்டயே சொல்லு."

நான் மிச்ச நாற்காலிகளை எடுத்து அடுக்கினேன். என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்றையாவது ஒருத்தர் திரும்ப எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.